விரிவுரையாளருக்கு நன்றி: கொழும்பின் தமிழ் மாணவர் அதை எதற்காகச் சொல்கிறார்கள்?

கொழும்பிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் இறுதியாண்டு பயிலும் தமிழ் மாணவர் ஒருவர் தமது ஆய்வேட்டில் கடைசியாக எழுதும் பக்கம், அந்த ஏட்டைத் திறப்பவரின் கண்ணில் முதலில் படும் பக்கமாகும். நன்றியுரை என்று தலைப்பிடப்பட்ட அந்தப் பக்கம் பெரும்பாலும் ஏட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவில், பொருளடக்கத்தின் பக்க எண்களைச் சரிபார்த்து முடித்த களைப்போடு, மூத்த மாணவர் ஒருவரின் ஏட்டைப் பார்த்து எழுதப்படுகின்றது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தமிழ் ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருவதால், இப்பக்கங்கள் எனக்கு நன்கு பழக்கமானவை. எல்லாம் வல்ல இறைவனில் தொடங்கி, மேற்பார்வையாளர், துறைத்தலைவர், ஏனைய விரிவுரையாளர்கள், நூலக உத்தியோகத்தர்கள், பெற்றோர், நண்பர்கள் என்று இறங்கிவந்து, தட்டச்சுச் செய்து தந்தவரோடு முடியும் வரிசை எந்த ஏட்டிலும் அதிகம் மாறுவதில்லை. ஒருமுறை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஓய்வுபெற்றுப் போய்விட்ட பேராசிரியர் ஒருவருக்கு, “இவ்வாய்வின் ஒவ்வொரு கட்டத்திலும் உடனிருந்து வழிகாட்டியமைக்காக” நன்றி கூறப்பட்டிருந்தது. பார்த்தெழுதிய மாணவர் பெயரை மாற்ற மறந்துவிட்டார்.

ஆனால் அதே மாணவரிடம், ஏட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, “உங்கட சேர் உண்மையில் என்ன செய்தவர்?” என்று கேட்டால், கிடைக்கும் பதில் வேறு. முதலாம் ஆண்டில் இரண்டு பாடங்கள் சித்தியடையாமல் ‘றிப்பீற்’ விழுந்தபோது, விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்று இருந்தவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியவர் அவர். விடுதி அறையில் ஆறு பேர் இருந்ததால் படிக்க இடமில்லை என்று அறிந்து, தமது அலுவலக அறையின் இன்னொரு மேசையைப் பரீட்சை முடியும்வரை விட்டுக்கொடுத்தவர் ஒரு ‘மிஸ்’. இன்னொருவர் சொல்வது, “நான் எழுதினதை முழுக்க வாசிச்சவர்” என்பதுதான். முழுவதும் வாசித்தார் என்பதை ஓர் அதிசயமாகச் சொல்லும் அந்தக் குரலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். விரிவுரை மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட சிறந்த விரிவுரையொன்று இந்தப் பதில்களில் அபூர்வமாகவே இடம்பெறுகின்றது. நிறுவனம் ஏற்பாடு செய்யாமல் விட்ட ஒன்றை, ஒரு மனிதர் தமது சொந்த நேரத்திலிருந்து எடுத்து நிரப்பிய தருணங்களே மாணவர் மனத்தில் தங்குகின்றன. ஆகவே, ஆசிரியருக்கான நன்றியைக் கவனமாக வாசிப்பவருக்கு, பல்கலைக்கழகத்தில் எங்கெங்கே இடைவெளி இருக்கிறது என்பதும் அதிலேயே தெரியவரும். இந்த நன்றி மெய்யானது. அது ஏன் இத்தனை ஆழமானது என்பதற்கான காரணமும் அந்த இடைவெளிகளிலேயே இருக்கின்றது.

இன்றைய நிலையைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். இலங்கையின் பல்கலைக்கழகக் கல்வி கொழும்பில்தான் தொடங்கியது. 1870இல் மருத்துவப் பாடசாலையும், 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் இங்கு நிறுவப்பட்டன. இவ்விரண்டின் வழிவந்த நிறுவனங்களும் 1942இல் இணைக்கப்பட்டு இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகியது. அப்போது மாணவர் தொகை ஆயிரத்துக்கும் குறைவு. போதனை ஆங்கிலத்தில் நடந்தது. வந்தவர்களும் பெரும்பாலும் ஆங்கிலப் பாடசாலைகளில் படித்தவர்களே. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பணியேற்ற சுவாமி விபுலானந்தர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பண்டைத் தமிழிசை பற்றிய அவரது யாழ்நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். கணிதத்தில், கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் பயின்று திரும்பிய சி. ஜே. எலியேசரும், பௌதிகத்தில் ஏ. டபிள்யூ. மயில்வாகனமும் கொழும்பில் கற்பித்தனர். ஒரு பேராசிரியர் தமது மாணவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய அளவில் வகுப்புகள் இருந்த காலம் அது.

அக்காலத்து நன்றி எத்தன்மையது என்பதற்கு ஒரு தொடர்ச்சியைச் சுட்டலாம். விபுலானந்தருக்குப் பின் தமிழ்ப் பேராசிரியரான க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்களை எழுதி, அவற்றைப் பல்கலைக்கழக மாணவர் மேடையேற்றும் வழக்கத்தை ஏற்படுத்தினார். அவருடைய மாணவரான சு. வித்தியானந்தன், தாம் விரிவுரையாளரானபின், 1960களில் பேராதனையில் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டே செம்மைப்படுத்தி அரங்கேற்றினார். அவ்வாறு மேடையேறிய ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் தாமே பேராசிரியராகி, அதே கூத்தை மீண்டும் மீண்டும் புதுக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். இங்கே நன்றி என்பது ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வது. விழாவோ மாலையோ அதற்கு அவசியப்படவில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மாலை நேரங்களில் மாணவரோடு மத்தளம் வைத்துக்கொண்டு உட்கார ஆசிரியருக்கு நேரம் இருந்தது. அந்த நேரம் பின்னர் என்னவாயிற்று என்பதுதான் கதையின் அடுத்த பகுதி.

அக்காலக் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் கலைப்பிரிவுகளில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. கிராமத்துப் பாடசாலைகளிலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்தில் காலடி வைப்பவர்கள் அலை அலையாக வரத் தொடங்கினர். 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பின்னர், மலையகத்திலிருந்தும் மெல்ல மெல்ல மாணவர் வந்தனர். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் கொழும்பு, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர, மொறட்டுவை ஆகியன தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. பின்னர் நாவலையில் திறந்த பல்கலைக்கழகமும் எழுந்தது. இன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்கீழ் 17 பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஆண்டுதோறும் 40,000இற்கும் அதிகமானோர் அனுமதி பெறுகின்றனர். பெரும்பாலான பாடநெறிகளுக்கான அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுவதால், கொழும்பின் விரிவுரை மண்டபமொன்றில் மன்னாரிலிருந்தும் அட்டனிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே வாங்கில் அமர்கின்றனர். இது இந்நாட்டின் பெரிய சாதனைகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். ஆனால் கதவு அகலத் திறக்கப்பட்ட அளவுக்கு, உள்ளே வந்தவர்களை ஏற்று நடத்தும் ஏற்பாடு வளரவில்லை. அந்த வேறுபாட்டைத் தனித்தனி ஆசிரியர்கள் தோளில் சுமக்கிறார்கள்.

இதை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் மொழி. தமிழ் மாணவர் நன்றி சொல்லும் கதைகளில் பாதிக்கு மேற்பட்டவை இதைச் சுற்றியே அமைந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த மாணவர் ஒருவர் வகையீடு, தொகையீடு, உந்தம் என்ற சொற்களோடு இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவர். உயிரியல் படித்தவருக்கு ஒளித்தொகுப்பும் நொதியமும் வீட்டுப் பெயர்கள் போன்றவை. பொறியியல், விஞ்ஞானம், மருத்துவம், முகாமைத்துவம் ஆகிய பீடங்களில் முதல் நாள் விரிவுரை ஆங்கிலத்தில் தொடங்கும்போது, அறியாத பாடமொன்று புகட்டப்படுவதில்லை. அறிந்த பாடமே அறியாத பெயர்களில் வருகின்றது. திறமையில் குறைவில்லாதவர் வகுப்பில் ஊமையாகிப் போவது இப்படித்தான். தமிழில் விளக்கம் கேட்டால் அருகிலிருப்பவர் சிரிப்பாரோ என்ற கூச்சம் ஒருபுறம். அலுவலகத்து அறிவித்தல்களும் விடுதிக் காப்பாளரின் கட்டளைகளும் சிங்களத்தில் வருவது மறுபுறம். முதல் மூன்று மாதங்களில் இரண்டு மொழிகளை ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருக்கிறது.

பொறியியல் மாணவி ஒருவர் எனக்குச் சொன்ன கதை இது. அவருடைய முதலாம் ஆண்டுக் கணித விரிவுரையாளர் ஒரு சிங்களவர், தமிழ் தெரியாதவர். இரண்டாவது வாரத்தில் அவர் வகுப்பிலிருந்த தமிழ் மாணவரிடம், பாடசாலையில் பயன்படுத்திய கலைச்சொற்களின் பட்டியலொன்றை ஆங்கில எழுத்தில் எழுதித் தருமாறு கேட்டிருக்கிறார். அடுத்த விரிவுரையில், பலகையின் வலது மேல் மூலையில், புதிய ஆங்கிலச் சொல் வரும்போதெல்லாம் அதற்குரிய சிங்களச் சொல்லையும், அதற்குக் கீழே, கொஞ்சம் தடுமாறி, தமிழ்ச் சொல்லையும் எழுதினார். ‘தொகையீடு’ என்பதை ‘தோகயிடு’ என்று உச்சரித்தார் என்று சொல்லி அந்த மாணவி சிரித்தார். அந்த ஆண்டின் இறுதிக்குள் பட்டியல் தேவைப்படவில்லை. இப்போது அவர் மெல்பேணில் பொறியியலாளர். ஆண்டுக்கொரு முறை அந்த விரிவுரையாளருக்குச் செய்தி அனுப்புகிறார். அவர் கற்பித்த பாடம் எதுவும் வேலையில் பயன்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அந்த விரிவுரையாளர் செய்தது பெரிய காரியமல்ல என்று எவரும் சொல்லலாம், உண்மையும் அதுதான். அரசகரும மொழித் திணைக்களம் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே துறைதோறும் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றிலிருந்து முதலாம் ஆண்டு மாணவருக்கு மும்மொழிச் சொற்பட்டியலொன்றைத் தொகுத்துக் கொடுக்க ஒரு பீடத்துக்கு ஒரு மாதம் போதும். அது நடந்தால், பலகையின் மூலையில் எழுதிய ஒருவருக்கு ஆயுள் முழுவதும் நன்றி சொல்ல வேண்டிய தேவையே எழாது.

கலைப்பீடங்களில் பிரச்சினை வேறு வடிவம் எடுக்கிறது. அங்கு தமிழில் கற்கலாம். ஆனால் தமிழ்மொழி மூல மாணவர் தொகை சிறியது என்பதால் தமிழில் கற்பிக்கும் விரிவுரையாளரும் சிலரே. ஒருவரே மூன்று நான்கு பாடங்களை ஏற்று, ஒப்படைகளைத் திருத்தி, ஆய்வேடுகளையும் மேற்பார்வை செய்கிறார். மீதியை வருகைதரு விரிவுரையாளர்கள் சனி ஞாயிறுகளில் வந்து முடித்துவிட்டுப் போகிறார்கள். வாசிக்க வேண்டிய நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆகவே, தாமே ஒரு கட்டுரையைத் தமிழில் சுருக்கியெழுதி, போட்டோகொப்பிக் கடையில் கொடுத்துவைக்கும் ஆசிரியர் கலைப்பீட மாணவரின் நன்றிக் கதைகளில் நிலையான பாத்திரம். அந்தக் குறிப்புகள் மங்கி மங்கி, ஆறேழு வருடங்களுக்குப் பின்னரும் அதே கடையில் விற்பனையாவதைப் பார்த்திருக்கிறேன். அதில் நன்றியோடு கொஞ்சம் சோம்பலும் கலந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மொழிக்கு அடுத்தது கடிதம். விரிவுரையாளர் ஒருவர் மாணவருக்காகக் கையொப்பமிடும் தாள், கொழும்பில் ஒரு தனி வரலாறு உடையது. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் அறை எடுத்துத் தங்கிய தமிழ் இளைஞர்கள் பொலிஸ் நிலையத்தில் தம்மைப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையில் உள்ள பிறந்த ஊரைப் பார்த்ததும் இறக்கி நிறுத்தப்படுவது வழமையாக இருந்தது. அக்காலத்தில் படித்த மூத்தவர் ஒருவர், தமது துறைத்தலைவர் துறையின் கடிதத் தாளில் எழுதித் தந்த ஓர் உறுதிக் கடிதத்தை மூன்று ஆண்டுகள் சட்டைப்பையில் பொலித்தீன் உறைக்குள் வைத்திருந்ததாகச் சொன்னார். ஒரு சுற்றிவளைப்பில் இரவு பிடிபட்டபோது, கடிதம் எழுதியதோடு நில்லாமல் அதிகாலை நான்கு மணிக்குப் பொலிஸ் நிலையத்துக்கு நேரிலே வந்தவரும் அதே துறைத்தலைவர்தான். அவர் பெயரைச் சொல்லும்போது மூத்தவர் இப்போதும் ‘சேர்’ என்ற சொல்லை விட்டுவிடுவதில்லை. அந்தத் துறைத்தலைவர் அவருக்கு எடுத்த பாடம் எது என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, ஞாபகம் இல்லை என்றார்.

இன்றைய கடிதம் வேறு. பட்டம் முடித்தவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இரண்டு அல்லது மூன்று ஆசிரியரின் சிபாரிசைக் கேட்கின்றது. ஒருவர் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தால், அவருடைய ஆசிரியர் ஒருவர் ஐந்து தனித்தனி இணையப் படிவங்களை நிரப்ப வேண்டும். மாணவரை எந்த நிலையில் எத்தனை காலமாகத் தெரியும், வகுப்பில் அவர் எத்தனையாவது இடத்தில் இருப்பார் என்பதையெல்லாம் ஒவ்வொன்றிலும் திரும்ப எழுத வேண்டும். கடைசித் திகதி வட அமெரிக்க நேரப்படி இருப்பதால், கொழும்பில் அது மறுநாளாகிவிடும். இந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, பதவியுயர்வில் புள்ளியும் இல்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இவ்வேலை இரட்டிப்பாகியிருக்கிறது என்று பழக்கமான விரிவுரையாளர் ஒருவர் அலுத்துக்கொண்டார். வெளியேற விரும்பும் மாணவர் தொகை கூடியிருக்கிறது. அதே நேரத்தில் கற்பிக்க இருந்தவர்களில் பலரும் வெளியேறிவிட்டனர். எஞ்சியிருப்பவர், போகிறவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தக் கடிதத்துக்கு வரும் நன்றியும் பெரும்பாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அனுப்பப்படும் ஒரு வரி வாட்ஸ்அப் செய்தியாகவே இருக்கின்றது. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு வாயிலில் காத்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில் ஒருவருக்கு யார் யார் ஞாபகம் வருகிறார்கள் என்பதே ஒரு கணக்குத்தான்.

நன்றியைத் தெரிவிக்கும் முறைகளில் கொழும்பு வளாகங்கள் சுவையான கலவை. இலங்கையில் ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6ஆம் திகதி. அது பாடசாலைகளில் நடப்பதுபோல் பல்கலைக்கழகங்களில் கொண்டாடப்படுவதில்லை. சிங்கள மாணவர் வெற்றிலைக் கட்டொன்றைக் கையில் கொடுத்துக் காலில் விழுந்து வணங்குவதும், தமிழ் மாணவர் பொன்னாடை போர்த்துவதும், முஸ்லிம் மாணவர் எவர் காலிலும் விழாமல் ஸலாம் சொல்லி, தமக்காகத் துஆச் செய்யும்படி ஆசிரியரிடம் கேட்பதும் ஒரே தாழ்வாரத்தில் நிகழலாம். வெற்றிலையை எந்தக் கையால் வாங்குவது என்று தெரியாமல் விழித்த தமிழ் விரிவுரையாளரையும், பொன்னாடையைக் கழுத்தில் போட்டபடியே விரிவுரை நடத்தப் போன சிங்களப் பேராசிரியரையும் மாணவர் கதை கதையாகச் சொல்வர். பொன்னாடையைப் பற்றி எனக்கொரு முறைப்பாடு உண்டு. அது அணியவும் உதவாது, விரிக்கவும் உதவாது. ஓய்வுபெற்ற பேராசிரியர் எவருடைய வீட்டு அலுமாரியிலும் ஒரு தட்டு முழுவதும் அது அடுக்கியிருக்கும். சேவைநலன் பாராட்டு விழாக்களில் பேசப்படும் உரைகளும் பெரும்பாலும் அதே வகையைச் சேர்ந்தவை.

இந்த விழா மொழியில் மறைக்கப்படும் ஒன்றைப் பற்றிப் பேசாமல் இந்த விடயத்தை விளக்க முடியாது. நன்றி சொல்லப்படும் ஆசிரியர் அதே மாணவருக்குப் புள்ளி போடுபவர். ஆய்வேட்டின் நன்றியுரை எழுதப்படுவது புள்ளி கிடைக்கும் முன்னர். வாய்மொழிப் பரீட்சையில் எதிரே அமரப்போகிறவரைப் ‘பெருமதிப்பிற்குரிய’ என்று அழைப்பதா ‘மதிப்பிற்குரிய’ என்று அழைப்பதா என்று மாணவர் என்னிடம் கவலையோடு கேட்டிருக்கிறார்கள். யார் பெயரை முதலில் போடுவது, துறைத்தலைவர் இடையில் மாறியிருந்தால் பழையவரையும் குறிப்பிடுவதா என்பவை அவர்களுக்கு அற்ப விடயங்களல்ல. மாதா, பிதா, குரு, தெய்வம் என்ற வரிசை சின்ன வயதிலிருந்து காதில் ஒலித்துவந்திருக்கிற சமூகத்தில், உதவியைக் கடனாக மாற்றிவிடுவது எளிது. என்னால்தான் நீ இந்த இடத்துக்கு வந்தாய் என்ற வாக்கியத்தை ஒருமுறை கேட்ட மாணவர், அதன்பின் அந்த ஆசிரியரின் ஆய்வுக்கு இலவசமாகத் தரவு திரட்டவும், அவர் வீட்டு வேலைக்குப் போகவும், அதைவிடக் கசப்பானவற்றைப் பொறுத்துக்கொள்ளவும் நேர்ந்திருக்கிறது. அத்தகையவருக்கும் நன்றியுரையில் இரண்டு வரி இருக்கும். வாசிக்கும் எனக்கு வேறுபாடு தெரியாது; எழுதியவருக்குத் தெரியும்.

நம்முடைய பழைய இலக்கணக்காரர் இந்த விடயத்தில் விழாப் பேச்சாளரைவிட நேர்மையானவர்கள். நன்னூல் நல்ல ஆசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுவதோடு நிற்கவில்லை. ஆசிரியராகத் தகாதவர்களையும் பட்டியலிட்டுவிட்டுத்தான் அடுத்த சூத்திரத்துக்குப் போகிறது. அப்பட்டியலில் ஒருவர் பருத்திக் குண்டிகை போன்றவர். வாய் குறுகிய குடத்தில் பஞ்சை அடைத்தால் அடைப்பதும் கடினம், எடுப்பதும் கடினம். முடத்தெங்கு போன்றவர் இன்னொருவர். தண்ணீர் ஊற்றி வளர்த்தவருக்கு நிழலும் தராமல், வளைந்துபோய் அடுத்த வளவில் காய் போடும் தென்னை. கொழும்பு மாணவர் எவரிடமாவது இந்த உவமைகளைச் சொன்னால், அவர் உடனே பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

நன்றி சேராத இடங்களும் உண்டு. வகுப்புச் சித்தி பெற்றுப் பட்டம் முடித்த கையோடு ஓராண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தப்படும் தற்காலிக விரிவுரையாளர்கள்தான் ஆய்வுகூடத்திலும் பயிற்சி வகுப்புகளிலும் மாணவரோடு அதிக நேரம் செலவிடுகிறார்கள். மூன்று வயது மூத்தவரிடம் கேட்பது எளிது. அவர்களும் அண்மையில்தான் அதே சேற்றைக் கடந்து வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் போய்விடுகிறார்கள். இறுதியாண்டு நன்றியுரை எழுதப்படும்போது அவர்கள் பெயர் யாருக்கும் ஞாபகமிருப்பதில்லை. ஆங்கில மொழி கற்பித்தல் பிரிவின் போதனாசிரியர்கள் நிலை இதைவிட விசித்திரமானது. முதலாம் ஆண்டில் வாயைத் திறக்கவைத்தவர்கள் அவர்களே என்று மாணவர் வாயால் சொல்வார்கள். ஏட்டில் எழுதமாட்டார்கள், அவர்கள் ‘துறை’யைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பது காரணமாகச் சொல்லப்படும். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் மூடும் நேரத்துக்குப் பின்னும் பத்து நிமிடம் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தவருக்கு நன்றி சொல்லியிருந்த ஏடொன்றை ஒரே ஒரு தடவை கண்டிருக்கிறேன்.

மெய்ப்புப் பார்ப்பவர் உள்ளடக்கத்தில் தலையிடக் கூடாது. ஆனாலும் நன்றியுரைப் பக்கத்தில் மட்டும் நான் சில வேளைகளில் அந்த விதியை மீறுவதுண்டு. சென்ற ஆண்டு சமூக விஞ்ஞானத் துறையொன்றின் மாணவி ஒருவரின் ஏடு வந்தது. “தமது பெறுமதிமிக்க ஆலோசனைகளையும் வழிகாட்டல்களையும் வழங்கிய” என்ற வழமையான வரி அதில் இருந்தது. பெறுமதிமிக்கது எது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: புள்ளிவிபரவியல் அவருக்கு விளங்கவில்லை; தமிழில் அதைக் கற்பிக்க அந்த ஆண்டு துறையில் ஆள் இருக்கவில்லை; மேற்பார்வையாளரான மேடம் பதினொரு சனிக்கிழமைகள் தமது வீட்டு வரவேற்பறைக்கு அவரை அழைத்து, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் படம் போட்டு விளங்கப்படுத்தியிருக்கிறார்; மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். அதையே எழுதுங்கள் என்றேன். எழுதினார், நன்றாகவே வந்திருந்தது.

மூன்று நாட்களுக்குப் பின் மேற்பார்வையாளர் பார்த்துத் திருப்பிய பிரதியோடு அவர் மீண்டும் வந்தார். ஏடு முழுவதிலும் பென்சில் குறிப்புகள். நன்றியுரைப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மை. பதினொரு சனிக்கிழமைகளும் நாட்காட்டித் தாள்களும் மத்தியானச் சாப்பாடும் ஒரே கோட்டில் வெட்டப்பட்டிருந்தன. ஓரத்தில் சிறிய எழுத்தில், “இதைப் போட்டால் பாடத்தைத் துறையில் ஏன் படிப்பிக்கவில்லை என்று கேட்பார்கள். பழைய வசனமே இருக்கட்டும்” என்றிருந்தது. பழைய வசனத்தைத் தட்டச்சில் மீண்டும் சேர்த்தோம். ஏடு கறுப்பு அட்டையில், பொன்னெழுத்தில் கட்டப்பட்டு, உரிய நாளில் நான்கு பிரதிகளாகச் சமர்ப்பிக்கப்பட்டது.